சினிமா படிக்கணும்னா பிசிக்ஸ் படிக்கணுமாம்!

போன மாசம் இரண்டாவது சனிக்கிழமை. பேங்க் லீவு. நிம்மதியாக இட்லிக்கு உட்கார்ந்தவனிடம் மகள் சொன்னாள்: "அப்பா, பி.காம். வேண்டாம். நான் சினிமா படிக்கப்போறேன்."

தங்கமணி சட்னிக் கரண்டியோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மார்க் வாங்கினால் எங்கள் மகள். இப்படி ஏதாவது சொன்னால் என் மகள்.

எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, கபிலை ஆற்றங்கரையில் நஞ்சன்கூட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிந்த ஒரே பாதை டெபிட், கிரெடிட். அவளும் இப்போது செகண்ட் பி.யு.சி. காமர்ஸ்தான். "டைரக்டர் ஆகணுமா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"டைரக்‌ஷன் இல்லப்பா. சவுண்டு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கொஞ்சம் யோசித்ததும் விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று பிடிபட்டது. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் முடி காணிக்கை கொடுப்பார்கள் இல்லையா, அங்கே முடி இறக்கும் ஒரு பெரியவரைப் பற்றி இவள் காலேஜ் போட்டிக்காக மொபைலில் ஐந்து நிமிஷப் படம் எடுத்தாள். படம் அழகாக வந்திருந்தது. ஆனால் அவர் பேசுவது எதுவும் கேட்கவில்லை. ஆற்றுச் சத்தம், கோயில் மைக், குழந்தைகளின் அழுகை. அதற்குப் பிறகு மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து, சத்தம் பிடிக்க மட்டும் என்னை வண்டி ஓட்டச் சொல்லிப் போனாள். கத்தி தலையில் ஓடும் அந்தச் சரக் சரக்கை இயர்போனில் எனக்குப் போட்டுக் காட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் தலை கூசியது. (அங்கே பெரிதாக முடி ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.)

சரி, லோன் ஆபீசர் புத்தி. முதலில் தகுதி என்ன என்று பார்ப்போம் என்று விவரக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். அங்கேதான் அடி விழுந்தது.

1960ல் ஆரம்பித்த புனே திரைப்படக் கல்லூரியின் முக்கியமான படிப்புகளில் சேர முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். சவுண்டுக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்ததும் நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம். நான்கு வருஷம், பி.வி.ஏ. என்று பெயர். கட்டணமும் தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் கேமரா மாதிரிப் பிரிவுகள் என்றால் அங்கேயும் இயற்பியல் வந்து நிற்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சயின்ஸ் எடுக்கிறேன் என்றவளை, "உங்கப்பன் காமர்ஸ் படிச்சு நாசமாவா போயிட்டேன்?" என்று காமர்ஸில் கொண்டுபோய்த் தள்ளியவன் யார்? அடியேன்தான்.

நம் வீடுகளில் சினிமா, விஸ்காம், அனிமேஷன், நியூ மீடியா என்றாலே ஒரு எண்ணம் இருக்கிறது. கணக்கு வராத பிள்ளை, சயின்ஸ் ஏறாத பிள்ளை போகிற இடம் அது என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்தப் படிப்பு நம்ம நாட்டில் எங்கே பிறந்தது என்று பார்த்தால் கதையே வேறு. சென்னையின் அந்தத் திரைப்படக் கல்லூரி 1945ல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத்தான் தொடங்கியது. கர்நாடகத்திலும் அப்படியே. பெங்களூரு ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில்தான் ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே 1940களில் படித்த மைசூர்ப் பையன் ஒருவர் பம்பாய் போய் குரு தத்துக்குக் கேமராமேன் ஆனார். வி.கே. மூர்த்தி. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே ஃபூல்' (1959) அவர் எடுத்தது. அதில் ஸ்டுடியோவுக்குள் ஒரு தூண் மாதிரி இறங்கும் வெளிச்சம் இருக்கிறதே, அது வெளியே அடித்த வெயிலைக் கண்ணாடி வைத்து உள்ளே திருப்பிவிட்டது. அது கலையா, பிசிக்ஸா? 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. 1960களில் கோவிந்த் நிஹலானியும் அதே பாலிடெக்னிக்கில்தான் படித்தார்.

ஆக, இது பட்டறைத் தொழில். கரண்ட், வெப்பம், ஒலி, லென்ஸ். இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் படம் கெடும் என்பதோடு போகாது. இங்கிருந்து 25 கிலோமீட்டரில் மைசூரு. 1989 பிப்ரவரி 8ஆம் தேதி அங்கே பிரீமியர் ஸ்டுடியோவில் 'திப்பு சுல்தான்' தொடருக்கான படப்பிடிப்பில் தீப்பிடித்தது. 62 பேர் இறந்தார்கள். எதிரொலி வராமல் இருப்பதற்காகச் சுவரெங்கும் சாக்குத் துணி தொங்கவிட்டிருந்தார்களாம். பெரிய பெரிய விளக்குகளின் சூடு, தளர்ந்த வயர்கள், போதாத காற்றோட்டம். சத்தத்துக்காகச் செய்த ஏற்பாடே தீயைப் பரப்பியிருக்கிறது. அந்தச் செட்டில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு யாராவது உட்கார்ந்து பாதுகாப்புப் பாடம் நடத்தியிருப்பார்கள்? அது ஏதோ பழைய காலம் என்றும் தள்ளிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் சென்னைப் பக்கம் 'இந்தியன் 2' செட்டில் கிரேன் விழுந்து மூன்று பேர் போனார்கள்.

அதனால் காலேஜ் பார்க்கப் போகிற பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். சுவரில் மாட்டியிருக்கும் நடிகர் போட்டோவைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளையின் கையில் கேமராவும் மைக்கும் தருவார்கள், ஒரு கேமராவுக்கு எத்தனை பிள்ளைகள், மின்சாரமும் தீயும் பற்றி யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து நம்ம டிபார்ட்மெண்ட். பணம்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் கிளைக்கு ஒருவர் வந்தார். சேலம் பக்கத்துக்காரர், இங்கே தொழிற்பேட்டையில் வேலை. பையனுக்கு ஏதோ ஒரு நகரத்தில் 'ஃபிலிம் அண்ட் நியூ மீடியா', மூன்று வருஷம். அட்வான்ஸ் கட்டிவிட்டார். வழவழ தாளில் கையேடு. நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்ற ஒரு வரியைக் காணோம். விசாரித்ததில், அது அவர்களே அச்சடித்துத் தரும் சான்றிதழ். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கல்விக் கடன் திட்டத்தில் இடமில்லை. நான் கைவிரித்தபோது அவர் சொன்னார்: "ஊர்ல இருந்தா வாத்தியார் யாரையாச்சும் கேட்டிருப்பேன் சார். இங்க நான் யாரைக் கேக்கறது?"

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வெளியூரில் இருக்கிற நமக்கெல்லாம் இதுதான் பிரச்சினை. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் என்று விசாரிக்க ஆளில்லை. கையேட்டை நம்புகிறோம்.

சரி, அங்கீகாரம் இருக்கிறது, கடனும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டோம். வருஷத்துக்கு இரண்டரை லட்சமாக மூன்று வருஷம் வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம் என்று கணக்குக்கு வைப்போம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி தூங்காது. நான்காவது வருஷ முடிவில் வட்டி மட்டும் இரண்டேகால் லட்சம் சேர்ந்து, கடன் 9 லட்சத்து 75 ஆயிரமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 12,900 ரூபாய்.

இஞ்சினியரிங் முடித்த பிள்ளைக்கு மாதச் சம்பளம் வருகிறது, மாதத் தவணை போகிறது. சினிமாவில் உதவியாளருக்குப் படத்துக்குப் படம்தான் கூலி. படம் நின்றால் கூலியும் நின்றது. ஒழுங்கில்லாத வருமானத்தின் மேல் ஒழுங்கான தவணையைக் கட்டினால் முதலில் உடைவது அந்தப் பிள்ளைதான். கடனுக்காகக் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, படித்ததை விட்டுவிடும். என் கருத்து கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்கிறேன்: சினிமா படிக்கட்டும், கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு பட்டம், கையில் ஒரு மைக், அப்புறம் புனேவுக்கு நுழைவுத் தேர்வு. கிரீஷ் காசரவள்ளி பி.பார்ம். படித்துவிட்டுத்தான் புனே போனார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி முதலில் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். மறுபடியும் பிசிக்ஸ்! மணிரத்னம் பி.காம்., அப்புறம் எம்.பி.ஏ. சினிமாப் பள்ளிப் பக்கமே போகவில்லை. (எங்கள் ஜாதியில் ஒருவராவது தேறினாரே!)

"ஃபிலிம் சிட்டி வருது சார், எல்லாப் பிள்ளைக்கும் இங்கேயே வேலை" என்று நஞ்சன்கூட்டில் அடிக்கடி கேட்கிறேன். வருவதாகச் சொல்வது நம்ம தாலுகாவில், இம்மாவு கிராமத்தில். சித்தராமையாவின் 2013-18 ஆட்சியில் மைசூருவுக்கு என்றார்கள். 2018ல் குமாரசாமி ராமநகரம் என்றார். அடுத்த ஆட்சியில் பெங்களூரு என்றார்கள். திரும்ப மைசூருவுக்கே வந்து, 2025 மார்ச் பட்ஜெட்டில் 150 ஏக்கர், தனியார் பங்களிப்போடு 500 கோடி என்று அறிவித்தார்கள். வந்தால் சந்தோஷம். ஆனால் பட்ஜெட் உரையைச் சம்பளச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. இதே 2025 பிப்ரவரியில்தான் பெங்களூரில் டெக்னிகலர் கம்பெனி இழுத்து மூடியது. கிராபிக்ஸ் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். உலகப் புகழ்பெற்ற கம்பெனி, நல்ல நல்ல படங்கள். அப்படியிருந்தும்.

தங்கமணியின் கவலை இதெல்லாம் இல்லை. "பொம்பளைப் பிள்ளையை அந்த இடத்துக்கா?" 2024 ஆகஸ்டில் கேரளத்தில் ஹேமா கமிட்டி அறிக்கை வெளியானதிலிருந்து என்னாலும் அதை அபத்தமான கவலை என்று சொல்ல முடியவில்லை. 1985லேயே 'சின்ன வீடு' படத்துக்குக் கேமரா பிடித்த பி.ஆர். விஜயலட்சுமியைச் சொன்னேன். "அவங்க பந்துலு பொண்ணு. இவ உங்க பொண்ணு" என்றார். வாயை மூடிக்கொண்டேன். இதற்கு நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. இவள் படித்து வருவதற்குள் செட்டில் பெண்கள் அதிகமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான்.

எனக்கென்று தனியாக ஒரு கவலையும் இருந்தது. இவள் வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதுவது கன்னடம், தோழிகளோடு இரண்டும் கலந்து. எந்த மொழியில் படம் பண்ணுவாள்? கேட்டதற்குச் சிரித்தாள். பாலு மகேந்திரா இலங்கையில் பிறந்து புனேயில் படித்து, முதலில் இயக்கிய படம் 'கோகிலா' (1977) கன்னடம். மணிரத்னத்தின் முதல் படம் 'பல்லவி அனு பல்லவி' (1983), அதுவும் கன்னடம், அதற்குக் கேமரா அதே பாலு மகேந்திரா. "அவங்களே இங்க வந்துதான் ஆரம்பிச்சாங்க. நான் இங்கேயே இருக்கேன்பா" என்றாள். இதையெல்லாம் எனக்கு முன்னாலேயே தேடி வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் தேடி வைத்திருந்தாள். என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் தனியாக எழுதித் தேறலாமாம். பி.காமோடு பிசிக்ஸையும் எழுதிவிடுகிறேன் என்கிறாள். அது புனேவுக்குச் செல்லுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. பிராக்டிகல் எங்கே என்பதும் தெரியவில்லை. புத்தகம் மட்டும் மேஜைக்கு வந்துவிட்டது. நேற்று ராத்திரி ஒலி அலைகள் பாடத்தில் சந்தேகம் கேட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை. மைசூருவில் பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்களேன்.