ஆண்டுக்கூட்டத்திற்கு வாருங்கள், பெற்றோர்களே!

ஆண்டுதோறும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்திற்கான அழைப்புக் கடிதம் பிள்ளைகளின் புத்தகப்பையில் வீடு போய்ச் சேருகிறது. ஆனால், கூட்டத்தன்று நாற்காலிகள் பல காலியாகவே கிடக்கின்றன. வருபவர்களிலும் பலர் முதலாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோரே. பிள்ளை ஆறாம் ஆண்டை எட்டுவதற்குள் அவர்களும் களைத்து விடுகிறார்கள்.

“தலைவர் பேசுவார், தலைமையாசிரியர் பேசுவார், பிறகு மீகூனும் தேநீரும் கொடுப்பார்கள், வேறென்ன?” என்று கேட்போர் உண்டு. (மீகூன் நன்றாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை!) ஆயினும், இச்சங்கம் விருந்தோம்பல் குழு அன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், 1998இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளின்படி இயங்குவது. தலைமையாசிரியர் இதில் ஆலோசகர் மட்டுமே. செயலவையைத் தேர்ந்தெடுப்பதும், கணக்கறிக்கையைக் கேள்வி கேட்டு ஏற்பதும் பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய உறுப்பினர்களின் உரிமை. அவ்வுரிமையைப் புலனக் குழுவில் புலம்பிப் பயன்படுத்த இயலாது.

இருமொழிப் பாடத்திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2016இல் அத்திட்டம் தொடங்கியபோது, அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க விரும்பும் பள்ளிகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் பெற்றோரின் ஒப்புதலும் ஒன்று. சில தமிழ்ப்பள்ளிகள் அதில் இணைந்ததையொட்டி 2017இல் எழுந்த சர்ச்சை நாமறிந்ததே. தமிழ்ப்பள்ளியில் அவ்விரு பாடங்களும் தமிழில்தான் இருத்தல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்றுக் கருத்துடைய பெற்றோரும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் நேருக்கு நேர் அமர்ந்து பேச வேண்டிய இடம் பள்ளி மண்டபமே. அங்கே வராமல், படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிட்டுவிட்டு, “எங்களைக் கேட்டார்களா?” என்பது எவ்வகையில் நியாயம்?

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளைக் கண்டு குழம்பும் பெற்றோரும் பலர். அதற்கும் விளக்கம் கேட்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்யும் தாய் வேலைநாள் காலையில் எப்படி வருவார்? கூட்டத்தை விடுமுறை நாளில் வையுங்கள். சிறு பிள்ளைகளை நூலகத்தில் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். வரவேற்புரைகளைப் பாதியாகக் குறையுங்கள்!

பெற்றோர்களே, தீர்மானம் கொண்டுவர விரும்பினால் முன்கூட்டியே எழுத்து வடிவில் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். இறுதி நாள் எது என்பதை அழைப்புக் கடிதத்தில் பாருங்கள். கடிதம் இன்னும் பிள்ளையின் பையில்தான் கசங்கிக் கிடக்கும்.