ஓமத் தண்ணீரை மூடி வையுங்கள்

“சாப்பிட்டதும் வயிறு உப்புசமாகிறது. ஓமத் தண்ணீர் எப்படிப் போடுவது? மருந்தடித்துவிட்டு வந்து வயிறு பிசைந்தாலும் குடிக்கலாமா?”

ஒரு டீஸ்பூன் ஓமத்தை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, வாசம் எழும்பியதும் இறக்கித் தட்டிக்கொள்ளுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஓமத்தைப் போட்டு, அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். சுண்டக் காய்ச்சுவது சுக்குக்குச் சரி. ஓமத்தின் குணமோ அதன் வாசனையில், தைமாலில் இருக்கிறது. திறந்து கொதித்தால் ஆவியோடு போய்விடும். 10 நிமிடம் கழித்து வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

மருந்தடித்த நாளில் வயிறு பிசைந்து, வாந்தி, வியர்வை, எச்சில் ஊறல் வந்தால் அது அஜீரணமல்ல, விஷம். கஷாயம் வைத்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.