அடித்துத் திருத்திய தாள்களையும் கொடுங்கள்

அறிஞர் ஒருவர் காலமானால் அவருடைய புத்தகங்களை வாங்கிக்கொள்ள நூலகங்கள் முன்வரும். குறிப்பேடுகளையும் அடித்துத் திருத்திய தாள்களையும் யாரும் கேட்பதில்லை. நான் நூலகராக இருந்த காலத்தில், “புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோங்க மேடம், இந்தக் குப்பையை எடைக்குப் போட்டுடறோம்” என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டு நெஞ்சு பதறியிருக்கிறேன். முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தக் குப்பையைத்தான். ஏன் என்பதற்கு வேல்ஸ் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எட்வர்ட் வில்லியம்ஸ் (1747-1826) கல்தச்சர். யோலோ மோர்கனுக் என்ற பெயரில் வெல்ஷ் மொழியில் எழுதியவர். பழைய சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்தே போய்ப் படியெடுத்தவர். கவுபிரிட்ஜ் ஊரில் கடை வைத்தபோது, அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தொட மாட்டேன் என்று கிழக்கிந்தியச் சர்க்கரையை விற்ற கொள்கைக்காரர். அவரேதான் இலக்கியத்தில் ஒரு பெரிய மோசடியும் செய்தார். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாவித் ஆப் குவிலிமின் பாடல்கள் 1789இல் லண்டனில் நூலாக வெளிவந்தபோது, தாம் இயற்றிய பாடல்களை அந்தக் கவிஞருடையவை என்று சொல்லி அனுப்பிவைத்தார். பிற்சேர்க்கையில் அவை அச்சேறின. பாடல்கள் அருமையாக இருந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் அவை தாவித்தின் பெயரிலேயே உலவின.

ஆனால் யோலோ எழுதிய எதையும் தூக்கி எறியாதவர். கிடைத்த துண்டுத்தாளில் எல்லாம் எழுதி, வீடு நிறையக் குவித்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் குவியலில் பெரும்பகுதி லானோவர் என்ற ஊரில் இருந்த மாளிகைக்குப் போய், 1916இல் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கே அதைப் படிக்க உட்கார்ந்தவர் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் (1892-1963). பின்னாளில் கார்டிஃப் கல்லூரியில் வெல்ஷ் பேராசிரியரானவர். யோலோவின் தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அவருடைய நடையையும் சொல்லாட்சியையும் உண்மையான பழஞ்சுவடிகளோடு ஒப்பிட்டார். பிற்சேர்க்கைப் பாடல்கள் யோலோவின் சரக்கு என்று 1926இல் நூலாகவே எழுதி நிறுவினார். ஒரு குற்றவாளியைப் பிடித்த திருப்தியோடு அவர் நின்றுவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதே தாள்களிலிருந்து யோலோ எத்தனை பெரிய கவி, எத்தனை பரந்த படிப்பாளி என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆயுளின் பெரும்பகுதியை அந்த ஒரு மனிதருக்கே கொடுத்தார். யோலோவைப் பற்றிய வரலாற்றின் முதல் தொகுதி 1956இல் வந்தது; இரண்டாம் தொகுதியை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். இப்போது அவருடைய தாள்களும் அதே நூலகத்தில் இருக்கின்றன. யோலோவின் கடிதங்களே 2007இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

அப்பாவின் மானத்தைக் காப்பதாக நினைத்து யோலோவின் மகன் அந்தத் தாள்களை அடுப்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொய்யை நிரூபிக்கச் சான்று குறைந்திருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், யோலோ நேர்மையாகப் படியெடுத்துவைத்தவையும் சேர்ந்தே எரிந்திருக்கும். எது மெய், எது பொய் என்று பிரிக்கும் உரிமை வீட்டாருக்குக் கிடையாது, நூலகருக்கும் கிடையாது. அது அடுத்த தலைமுறை ஆய்வாளரின் வேலை.

ஆகவே அறிஞர்களின் பிள்ளைகளே, பெயரைக் கெடுக்கும் என்று தோன்றுகிற தாளைக்கூட உருவி எடுக்காமல் மொத்தமாகக் கொடுங்கள். நூலகங்களே, இடமில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். கட்டு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசை கலையாமல் வாங்கி வையுங்கள்.