காப்பீட்டுக்கு வெளியே நிற்கும் மருத்துவச் செலவு: திருத்தணி தறிக் குடும்பங்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தறித் தொழிலாளர் சங்கம்,
திருத்தணி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவள்ளூர்.

நகல்:
இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்;
வருவாய்க் கோட்டாட்சியர், திருத்தணி.

பொருள்: தறித் தொழிலாளர் குடும்பங்களைக் கடனாளியாக்கும் மருத்துவச் செலவைக் குறைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டங்களில் தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எங்களில் பலரின் உயிரைக் காத்திருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்த பிறகு இன்னும் பலர் உள்ளே வந்தார்கள். இதை நன்றியோடு பதிவு செய்கிறோம். ஆனால் அந்தக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே கைகொடுக்கிறது. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் வெளியே எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வீடு திரும்பிய பின் மாதாமாதம் வாங்கும் சுகர், பிரஷர் மாத்திரை, பஸ் கட்டணம், துணைக்குப் போகிறவரின் சாப்பாடு, இருவரும் இழக்கும் கூலி ஆகிய எல்லாம் எங்கள் கையிலிருந்தே போகின்றன.

2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, ஒருவர் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். போக்குவரத்தும் இழந்த கூலியும் இதில் சேரவில்லை. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதை அறிவோம். மிச்சமிருக்கும் அந்தச் சுமை, சேமிப்பு என்று எதுவும் இல்லாத வீட்டில்தான் மிகக் கடுமையாக அழுத்துகிறது.

எங்கள் தொழிலில் இந்தச் செலவுக்கு இன்னொரு முகமும் உண்டு. தாலிச் சங்கிலி அடகுக்குப் போன பிறகும் பணம் போதாவிட்டால், தொழிலாளி தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்குகிறார். அந்தக் கணக்கு தீரும்வரை அவர் வேறு பட்டறைக்குப் போக முடியாது. கூலி உயர்வு கேட்கவும் வாய் எழாது. அப்பாவின் டயாலிசிஸுக்கு வாங்கிய முன்பணத்தை மகன் நெய்து கழிக்கிறான். பள்ளியை விட்டு அவன் தறிக்கு வருவதும் இப்படித்தான். தாங்கள் இதை மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், தொழிலாளரின் சுதந்திரம் பற்றிய பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை திருத்தணி அரசு மருத்துவமனையைப் பற்றியது. அது மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்பட்டது எங்களுக்குப் பெருமை. அந்தத் தரத்துக்கு உரிய சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் முழுவதும் நிரப்பப்பட்டு, ஸ்கேனும் ஆய்வகமும் இரவிலும் இயங்க வேண்டும். அன்றன்று இருப்பில் உள்ள மருந்துகளின் பட்டியலை மருந்தகத்தின் முன் ஒட்ட வேண்டும். சென்னைக்கோ வேலூருக்கோ போகத் தேவையில்லாத ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் 2021 முதல் மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் வரும் பகல் நேரத்தில் நாங்கள் பட்டறையில் இருக்கிறோம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஊர்களில் மாலை வேளையிலோ பட்டறை வாசலிலோ மாத்திரை வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

காப்பீட்டு அட்டை இல்லாதோர் பலர். வருமானச் சான்றுக்கு ஒருநாள், அட்டைக்கு ஒருநாள் என அலைந்து கூலி இழக்க அஞ்சியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் தரும் முகாம்களை விடுமுறை நாளில் நடத்த வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது; ஆனாலும் அங்குள்ள நகரி, புத்தூர்ப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. ஆந்திரக் குடும்ப அட்டையில் பெயர் நீக்கி இங்கே சேர்க்கும்வரை அந்த மருமகள்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இடமில்லை. முதல் பிரசவம் அதற்குள் வந்துவிடுகிறது. இவர்களின் பெயர் மாற்றத்துக்கு அம்முகாமிலேயே தனி மேசை வேண்டும். தெலுங்கு மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்களும் எங்களிடையே இருப்பதால் அறிவிப்புகள் இரு மொழியிலும் அமைய வேண்டும்.

திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகள் காப்பீட்டுச் சிகிச்சைக்கு மேல்பணம் கேட்டால் எங்கே முறையிடுவது என்று எங்கள் மக்களுக்குத் தெரியாது. புகார் எண்ணும் கட்டண விவரமும் சேர்க்கைப் பிரிவின் சுவரில் பெரிய எழுத்தில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

டயாலிசிஸ், புற்றுநோய் நோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கான மருத்துவச் சான்றை அரசு மருத்துவமனையிலேயே தாமதமின்றித் தர வேண்டும். மகளிருக்கு இலவசமான நகரப் பேருந்து மாவட்டத் தலைநகர் வரை எங்களுக்குப் பயன்படுவதில்லை. சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் துணையாளருக்கும் இலவசப் பயண அட்டை வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) கட்டாயமாகச் சேர்க்கப்படுவதில்லை. எங்கள் பட்டறைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. நோயுற்ற நாளுக்கு ஊதிய இழப்பீடு தரும் ஒரு நலத் திட்டத்தைத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியே ஏற்படுத்த மாவட்ட நிர்வாகம் கருத்துரு அனுப்ப வேண்டும். இதுவே முன்பணக் கடனுக்கு நேரடியான மாற்று என்று சங்கம் உறுதியாக நம்புகிறது.

இவற்றைப் பேச, சுகாதாரம், வருவாய், தொழிலாளர் துறை அலுவலர்களோடு ஒரு கூட்டத்தைத் திருத்தணியில் கூட்டவும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
திருத்தணி.