நாயும் பன்றியும் நம் காணியும்

இரவில் காட்டுப்பன்றி இறங்கினால், விடிவதற்குள் மரவள்ளித் தோட்டம் உழுத நிலமாகிவிடும். பெரிய வேட்டைநாய் வளர்த்தால் தீருமே என்று சிலருக்குத் தோன்றலாம்.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், பெருநாய்க் கூட்டம் வைத்து மரையும் பன்றியும் வேட்டையாடினார். பன்றியின் கோரைப்பல் பட்டு நல்ல நாய்கள் மடிந்ததை, தமது நூலில் அவரே எழுதியுள்ளார். அது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு. பிள்ளைக்குப் பால் வாங்கவே திண்டாடும் நாம், அத்தகைய நாய்களுக்கு எதைப் போடுவோம்?

சுருக்குக் கம்பியும் வழியன்று. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணியில் கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் மாண்டது. வேலிக்கு மின்சாரம் பாய்ச்சினாலோ, அகப்படுவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

விக்டோரியா அணைக்காக 1980களில் தெல்தெனியப் பகுதி மக்கள் நிலம் இழந்தனர். நிலம் இழந்தவருக்குக் காட்டோரக் காணி கொடுப்போர், வேலியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதே எமது கருத்து. அதை ஒன்றுகூடி எழுத்தில் கேட்போம். அதுவரை ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருப்போம். குரைத்து எழுப்ப வீட்டு நாய் போதும். விரட்ட நாம் பலர் இருக்கிறோம்.