ஓர் ஆளுக்கு உலை வைப்பது குற்றமா?

"ஒருத்திக்காகவா உலை வைப்பது?"

தமிழ் வீடுகளில் புழங்கும் வாக்கியங்களுள் மிகக் கொடியது எது என்று எவரேனும் கேட்டால், நாம் தயங்காமல் இதைத்தான் சுட்டுவோம். கணவனை இழந்து, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் மூதாட்டி இதைச் சொல்கிறாள். கேட்பவர்கள் அனுதாபத்துடன் தலையசைக்கிறார்கள். நேற்றைய குழம்பின் மீதியும் ஒரு தம்ளர் காப்பியும் இரண்டு ரொட்டித் துண்டுமாக அவளுடைய இரவு கழிகிறது. இதைத் தியாகம் என்பார் சிலர், சிக்கனம் என்பார் சிலர். இரண்டும் இல்லை என்பதே நமது கட்சி. இது தன்னைத் தானே பட்டினி போட்டுக்கொள்வது. அதற்கு நம் மொழியும் இலக்கியமும் துணை நிற்கின்றன.

தனியே உண்பவனைத் தமிழ் ஒருபோதும் நல்ல கண்ணால் பார்த்ததில்லை. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறநானூற்றுப் பாட்டு (182), இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிதென்று தனித்து உண்ணாதவர்களால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்கிறது. ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் (குறள் 229), தனித்து உண்பதை இரத்தலினும் இன்னாதது என்கிறார். மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு வரை, பிறர் பசி தீர்க்கும் பெருமரபு நம்முடையது. அம்மரபின் முன் நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அதே மரபை எடுத்து, ஓர் அறையில் ஒற்றை அடுப்பின் முன் நிற்பவரின் தலையில் அடிப்பதை ஏற்க முடியாது.

குறளைப் பொறுமையாகப் படித்தால் வள்ளுவர் யாரைச் சாடுகிறார் என்பது விளங்கும். பரிமேலழகர் உரையில் ஐயத்துக்கே இடமில்லை. பொருளில் ஏற்பட்ட குறையை நிரப்பிக்கொள்வதற்காக, வறியவர்க்கு ஈயாமல் தானே உண்பவனைத்தான் அக்குறள் இகழ்கிறது. இலக்கு உலோபி, துணையற்றவர் அல்லர். மாத முதல் வாரத்திலேயே சம்பளத்தைப் பங்கிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டு, மீந்ததில் அரை கிலோ துவரம்பருப்பு வாங்கும் தனியாளை எந்த உரையாசிரியரும் உலோபி என்று சொல்லவில்லை.

மேடைகளில் மறக்கப்படும் இன்னொரு குறளும் இருக்கிறது. இல்வாழ்க்கை அதிகாரத்தில் (குறள் 43) வள்ளுவர் பேணத்தக்க ஐவரைப் பட்டியலிடுகிறார். முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம் என்ற நால்வரோடு பட்டியலை முடிக்கவில்லை. ஐந்தாவதாகத் 'தான்' என்பதையும் வைக்கிறார். எல்லா அறங்களையும் ஒருவன் உயிரோடு இருந்துதான் செய்ய வேண்டியிருப்பதால், தன்னைப் பேணுவதும் அறமே என்று பரிமேலழகர் விளக்குகிறார். அந்த ஐந்தாமவருக்கு இலை போடாத பந்தியைத்தான் நாம் இத்தனை காலமும் விருந்தோம்பல் என்று கொண்டாடி வந்திருக்கிறோம்.

தனித்து வாழும் பெண்ணின் உணவைப் பழந்தமிழ் விரிவாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அது பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் பாட்டு (புறநானூறு 246). நெய் தீண்டாத, கையால் பிழிந்த நீர்ச்சோறு. வெள்ளெள் அரைத்த துவையல். புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாயில்லாத பரல் தரை. இவ்வாறு வாழ்வதைக் காட்டிலும் ஈமத்தீ தனக்குத் தாமரைப் பொய்கை என்று சொல்லிவிட்டு அவள் தீப்புகுகிறாள். வகுப்பில் இப்பாட்டைக் கற்பின் பெருமைக்குச் சான்றாக நடத்திவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த உணவுப் பட்டியலிடம் ஒரு நிமிடம் நிற்பதில்லை.

நின்று பார்த்தால் ஒரு விந்தை தெரியும். நீர்ச்சோறு, எள்ளுத் துவையல், புளியிட்ட கீரை. இவற்றில் எது தாழ்ந்த உணவு? வெயிற்காலக் காலையில் பழைய சோற்றையும் எள்ளுத் துவையலையும் விரும்பி உண்ணாத தமிழர் யார்? பண்டத்தில் குற்றம் இல்லை. அதை விதித்த கையில்தான் குற்றம். நெய்யை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை; அவளுக்குக் கூடாது என்று பிறர் சொன்னார்கள். எளிய உணவுக்கும் தண்டனை உணவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். அளவைத் தீர்மானிப்பவர் உண்பவரே என்றால் அது சிக்கனம். பிறர் தீர்மானித்தால் அது வறுமை அல்லது ஒடுக்குமுறை. "ஒருத்திக்காகவா உலை" என்று இன்று சொல்லும் மூதாட்டி, பிறர் விதித்ததைத் தன் விருப்பம் என்று நம்பும்படி பழக்கப்படுத்தப்பட்டவள்.

அடுத்து, நம் இலக்கிய நண்பர்களிடம் வருவோம். மேன்ஷன் அறை, கடன் வைத்த தேநீர், பட்டினி, சிகரெட். சிற்றிதழ்ச் சூழலில் இந்நான்கும் சேர்ந்தால் ஒரு கலைஞன் பிறந்துவிட்டான் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. பசித்தவனைப் போற்றும் நாம், பசியாறக் கற்றுக்கொண்டவனை அற்பன் என்கிறோம். கடனாகப் பெற்ற அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அன்று உலையில் போட அரிசிக்கு என்ன வழி என்று நின்ற செல்லம்மாவின் கணக்கைக் கேட்டவர் எத்தனை பேர்? பட்டினியை அழகியலாக்கும் எழுத்தாளர்கள் பலருக்கு வீட்டில் சமைத்துப் போட ஒரு கை இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

சிக்கனம் ஓர் அறிவு. அதற்குக் கணக்கு உண்டு, நுட்பம் உண்டு, ஏன் சொல்வளமும் உண்டு. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. இத்தனை சிறிய அளவைக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழி, ஓர் ஆளுக்கு அளக்கத் தெரியாத மொழியாக இருக்க முடியாது. முக்கால் ஆழாக்கு, அதாவது ஏறத்தாழ 100 கிராம் அரிசி, ஒருவருக்கு ஒரு வேளைக்குப் போதும். இரண்டு லிட்டர் குக்கரின் அடியில் பருப்பும் மேலே சிறு பாத்திரத்தில் அரிசியும் வைத்தால் ஒரே நெருப்பில் இரண்டும் வெந்துவிடும். நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு வாரம் தாங்கும். பருப்புப்பொடி ஒரு மாதம் தாங்கும். கீரைக்கட்டு ஒருவருக்கு அதிகம் என்பார்கள். இலையை இன்று மசித்து, தண்டை நாளைக் குழம்பில் போட்டால் அதிகம் இல்லை. தேங்காயை உடைத்தால் கண்ணுள்ள மூடியை முதலில் செலவழிக்க வேண்டும், அதுதான் முதலில் கெடும். மீந்த சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாள் காலைக்கு அடுப்பே வேண்டாம். இவற்றை எழுதிவைத்தவர் யார்? சமையல் நூல்களைத் திறந்தால் 'நால்வருக்கு' என்றே ஒவ்வொரு குறிப்பும் தொடங்குகிறது. நான்கால் வகுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் தாளிக்கத் தெரியாதவர்கள். கடுகையும் உப்பையும் நெருப்பையும் அப்படி நேராக வகுத்துவிட முடியாது.

"மலிவாக உணவு கிடைக்கும்போது எதற்காக இந்தச் சிரமம்?" என்ற கேள்வி எழும். அம்மா உணவகம் 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். உழைப்பாளர்களுக்கு அது செய்த நன்மையை மறுப்பவர் நன்றியற்றவர். ஆயினும் அடுத்தவர் திறக்கும் நேரத்தில், அடுத்தவர் வைக்கும் உப்பில் வாழ்வது ஓர் ஏற்பாடுதான். அது அந்த வேளையின் பசியைத் தீர்க்கும், வாழ்நாளைக்கான திறனைத் தராது. அலைபேசியில் விரல் தொட்டால் வாசலுக்கு வரும் உணவோ இதற்கு நேர்மாறு. தனிமையின் சோர்வை விலையாக்கி விற்கும் வணிகம் அது. அங்கே உணவின் விலையோடு அதைக் கொண்டுவரும் கூலியும் சேர்கிறது. தனித்து வாழ்பவர் கையில் தங்க வேண்டிய காசு இப்படித்தான் கரைகிறது.

இதில் இழப்பு யாருக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கிய மாநிலம் இது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் தந்தது. பெருமைக்குரிய செயல்கள். ஆனால் அப்பிள்ளை வளர்ந்து கல்லூரிக்கென நகரத்துக்கு வந்து, நான்கு பேருடன் ஓர் அறையில் தங்கும்போது அவனுக்கு உலை வைக்கத் தெரியாது. "ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். முதல் மணி வகுப்பில் வெறும் வயிற்றுடன் அமர்ந்திருக்கும் மாணவர்களை ஆசிரியர்கள் அனைவரும் அறிவர். மாணவியின் நிலை வேறு. அவளுக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் பிறருக்காக மட்டும். தனக்கென்று வரும்போது அவளும் பாட்டியின் வாக்கியத்தையே சொல்கிறாள். இருவரையும் கெடுத்தது ஒரே பாடம்தான். சமையல் என்பது ஒருத்தி மற்றவர்களுக்குச் செய்யும் ஊழியம் என்ற பாடம்.

தனியாள் என்றால் வீடு தர மறுக்கும் உரிமையாளரும் இதே பாடத்தைப் படித்தவர்தான். குடும்பம் இல்லாத அடுப்பு ஓர் ஒழுக்கக்கேடு என்று அவர் நம்புகிறார். நம் இலக்கியம் அவருக்கு மறுப்பு எழுதியதில்லை.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளியிறுதி முடிப்பதற்குள் ஆணும் பெண்ணும் ஓர் ஆளுக்கு உலை வைக்கக் கற்றிருக்க வேண்டும். புறநானூற்று 246ஐ நடத்தும் ஆசிரியர், அந்த உணவை விதித்தவர் யார் என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கதை எழுதும் நண்பர்கள், தனியே வாழும் பாத்திரத்துக்கு ஒரு வேளையேனும் சூடான சோறு போட வேண்டும். கதையின் சோகம் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இதை வாசிப்பவர்களில் தனித்திருக்கும் தாயோ அத்தையோ உள்ளவர்கள், "சாப்பிட்டாயா?" என்று தொலைபேசியில் கேட்பதோடு நிறுத்தாமல், "இன்று என்ன சமைத்தாய்?" என்று கேட்க வேண்டும்.

"ஒருத்திக்காகவா?" என்று அவர் கேட்டால், "ஆம், ஒருத்திக்காகத்தான்" என்று சொல்லுங்கள். வள்ளுவர் எண்ணிய ஐவரில் அவரும் ஒருவர். மறுப்புள்ளவர்கள் எழுதலாம், வாதிடக் காத்திருக்கிறோம்.