வீடு விற்பனைக்கா? ஜாதி விற்பனைக்கா?

வத்தலக்குண்டில் சொந்தமாக ஒரு வீடு வாங்கவேண்டும், அதுவும் கடைவீதிக்கும் பஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலாலேயே நடந்து போய்வரக்கூடிய தெருவில் வாங்கவேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு என்று கேட்கிறோம். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் தேனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற பாதைகள் வந்து கூடுகிற ஊர் இது. வாங்குகிறவரிடம் பணமும் விற்கிறவரிடம் மனமும் இருந்தால் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ள வேண்டியதுதானே பாக்கி?

ஆனால் நம் நாட்டு ஊர்களில் நடப்பது என்ன? வீட்டுக்கு என்ன விலை என்று நாம் கேட்பதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுக?" என்று தரகர் நம்மைக் கேட்டுவிடுகிறார். நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்பா பேரைக் கேட்பார், குலதெய்வத்தைக் கேட்பார், எந்தத் தெருவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கேட்பார். அதற்கும் கூச்சப்படுகிறவர் "சைவம் மட்டும்" என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டுவிடுவார். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஜாதி இல்லை. ஆனால் அவற்றை அடுக்கி நாலு சுவர் எழுப்பிவிட்டால் மாத்திரம் அவற்றுக்கு ஜாதி வந்துவிடுகிறது!

இது பார்ப்பனர் தெருவின் சங்கதி மாத்திரம் என்று யாரும் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அக்கிரகாரத்தைப் பற்றி மேடையில் கை தட்டுகிற நம்மவர்களில் எத்தனை பேர், தங்கள் தெருவில் காலியாகிற வீட்டை ஒரு ஆதிதிராவிடத் தோழருக்கு வாடகைக்கு விடச் சம்மதிப்பார்கள்? "எனக்கு ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தார்தான் ஒரு மாதிரி நினைப்பார்கள்" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்லுகிறார். அப்படியானால் அந்த 'ஒரு மாதிரி' நினைக்கிற ஆசாமி எந்த வீட்டில்தான் குடியிருக்கிறான்?

நடப்பது என்பது மிகச் சாதாரணமான காரியம். இரண்டு கால் இருந்தால் போதும் என்று நினைப்போம். இந்த நாட்டில் அதற்கே போராட வேண்டியிருந்தது. 1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள பொதுச் சாலையில் நடப்பதற்காகத்தானே பெரியாரும் மற்றவர்களும் ஜெயிலுக்குப் போனார்கள்? அதே 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவரவேண்டியிருந்தது. அன்று தெருவில் நடக்கவிடவில்லை. இன்று நடக்கவிடுகிறார்கள், குடியிருக்கவிடுவதில்லை. வேலை செய்ய வரலாம், சாக்கடை அள்ள வரலாம், பூவும் காய்கறியும் சுமந்துவந்து விற்கலாம். பொழுது சாய்ந்ததும் ஊரின் ஓரத்துக்குத் திரும்பிவிடவேண்டும். ஆகவே ஊருக்காக அதிகம் உழைக்கிறவனுக்கே நடைதூரமும் அதிகம்.

படித்துப் பட்டம் பெற்றால் இது தீர்ந்துபோகும் என்பார்கள். டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவில் படித்துவிட்டு 1917-ல் பரோடாவுக்கு உத்தியோகத்துக்குப் போனார். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அமெரிக்கப் பட்டத்தால் பரோடாவில் ஒரு அறை கிடைக்கவில்லை.

அந்த அமெரிக்காவும் யோக்கியமானதல்ல. இன்ன வீதியில் கறுப்பருக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அப்படிப்பட்ட பத்திரத்தைக் கோர்ட்டு நிறைவேற்றித் தராது என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட்டு 1948-ல் தீர்ப்புச் சொன்னது. 1968-ல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் கூடாதென்று சட்டமே செய்தார்கள். நம் நாட்டிலோ 2005-ல், ஆமதாபாத்தில் ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகள் மாத்திரமே அங்கத்தினராகலாம் என்று வைத்திருந்த விதி செல்லும் என்று நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று.

சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 1955-ல் செய்த சட்டம், தீண்டாமையின் பேரால் எந்த இடத்திலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. 1 மாதம் முதல் 6 மாதம் வரை தண்டனையும் உண்டு. ஆனால் "வீடு ஏற்கனவே பேசி முடிந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்?

சர்க்காரும் சில காரியம் செய்யாமல் இல்லை. 1998-ல் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, மற்றவை மற்ற வகுப்பாருக்கு. நல்ல காரியந்தான். ஆனால் அது புது மனையில் புது வீடு கட்டிச் செய்த காரியம். பழைய தெருவில், கடைவீதிக்குப் பின்னால், அப்படிக் கலந்து வாழ யார் வழி செய்தார்கள்? 2025-ல் 'காலனி' என்ற சொல்லை அரசாங்கக் கணக்கிலிருந்து எடுப்பதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். சொல் போகட்டும், மிக்க சந்தோஷம். காலனிக்கும் கடைவீதிக்கும் இடையே உள்ள தூரம் எப்போது போகும்?

நிற்க. இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊருக்குள் நெரிசல் என்று, வயலை மனையாக்கி விற்கும் 'நகர்'களுக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். "பஸ் நிலையத்திலிருந்து 5 நிமிஷம்" என்று நோட்டீஸில் போடுவான். அது மோட்டார் பறக்கிற 5 நிமிஷம் என்பது குடிபோன பிறகுதான் தெரியும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதென்று 2016-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தடுக்கும் வரையில் சாலையும் சாக்கடையும் இல்லாத வயலெல்லாம் மனையாக விற்றது. வாங்குகிறவரோ தண்ணீர் வருமா, சாக்கடை எங்கே போய்ச் சேரும், குழந்தை பள்ளிக்கு எப்படிப் போகும் என்று கேட்கிறாரா? வாஸ்துக்காரனைக் கூப்பிட்டுக் குபேர மூலை எங்கே என்று கேட்கிறார்! வடக்குப் பார்த்த வீடு ஆகும், தெற்குப் பார்த்தது ஆகாது என்கிறான் அவன். கிழமேலாகப் போகும் தெருவில் ஒரு வரிசை வடக்குப் பார்த்தால் எதிர்வரிசை தெற்கு பார்த்துத்தானே தீரும்? அப்படியானால் உலகத்தில் எதிர்வரிசையில் குடியிருந்தவர்களெல்லாம் நாசமாய்ப் போய்விட்டார்களா?

இதில் அதிகம் கெடுகிறவர்கள் பெண்கள். ஊருக்குள் இருந்தால் ஒரு பெண் தானே நடந்து போய் மருந்து வாங்குவாள், பாங்கிக்குப் போவாள், சிநேகிதியைப் பார்ப்பாள். தூரத்து நகரில் புருஷனுடைய மோட்டார் சைக்கிள் வீடு திரும்பும் வரையில் காத்திருக்கவேண்டும். பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தோம். 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. 2025 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. ஆகவே வாங்குகிற வீட்டை அவள் பேரில், அவள் கால் போகிற தூரத்தில் வாங்குங்கள்.

பேரூராட்சியைக் கேட்கவேண்டியதும் உண்டு: கடைக்காரர் சாமானும் வண்டிகளும் அடைக்காத நடைபாதை, மூடிய சாக்கடை, நிழலுக்கு மரம், இராத்திரியில் எரிகிற விளக்கு. இது ஊருக்குள் இருக்கும் தெருவுக்கு மாத்திரமல்ல. ஊர் ஓரத்திலிருந்து கடைவீதிக்கு வரும் பாதைக்கு முதலில் வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் மனுப்போட்டுக் காத்திருக்கும் முன்பே செய்யக்கூடிய காரியம் ஒன்று நம் கையில் இருக்கிறது. வத்தலக்குண்டிலும் சுற்றுப்புறத்திலும் விற்கவோ வாடகைக்கு விடவோ வீடு வைத்திருக்கும் தோழர்கள் இந்த வாரமே தரகரைக் கூப்பிட்டு, "வருகிறவரிடம் விலையையும் முன்பணத்தையும் மாத்திரம் பேசு, வேறொன்றும் கேட்காதே" என்று சொல்லிவிடவேண்டும். சொன்னதும் தரகர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.